1977க்குப் பிறகு திரும்பி வந்ததும் வராததும்

மக்களை இரு கூறாக்கி ஆண்ட ஒரு தலைமை போன பிறகு, அந்த நாட்டின் ஜனநாயகம் நிலைத்தன்மையையும் மக்களின் நம்பிக்கையையும் மீட்டெடுக்க முடியுமா என்பது கேள்வி.

முடியும் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் கேள்விக்குள் இரண்டு பொருள்கள் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் பதில் தெளிவாகும். நிலைத்தன்மை என்பது தேர்தல் நடப்பது, தோற்றவர் இறங்கிப் போவது, நீதிமன்றமும் நாடாளுமன்றமும் தத்தம் வேலையைச் செய்வது. இது பெரும்பாலும் ஒரே தேர்தலில் திரும்பிவிடுகிறது. நம்பிக்கை என்பது, அடுத்த முறை யார் வந்தாலும் நமக்கு அது நடக்காது என்று குடிமகன் நம்புவது. போன தலைமை எந்த அதிகாரங்களைக் கொண்டு தீங்கு செய்ததோ அவற்றைப் புதிதாக வந்தவர்கள் தாங்களாகவே கைவிட்ட இடங்களில்தான் இது திரும்பியிருக்கிறது. ‘நம் கையில் இருந்தால் தவறாகாது’ என்று வைத்துக்கொண்ட இடங்களில் திரும்பவில்லை. நெருக்கடி நிலைக்குப் பிந்தைய இந்தியாவை வைத்தே இதை விளக்க முயல்கிறேன். ஏனென்றால் கைவிட்டதும் வைத்துக்கொண்டதும் அங்கே அருகருகே கிடைக்கின்றன.

1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றியைச் செல்லாது என்றது. ஜூன் 25 இரவு, அமைச்சரவையைக் கூட்டாமலேயே, ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற காரணத்தைக் காட்டி நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமதுவின் கையெழுத்து பெறப்பட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கூடிய அமைச்சரவைக்கு முடிந்துபோன செய்திதான் சொல்லப்பட்டது. அதற்கு முன்பே ‘இந்திராவே இந்தியா’ என்று காங்கிரஸ் தலைவர் தேவகாந்த பரூவா முழங்கியிருந்தார். தலைவரும் நாடும் ஒன்று என்று சொல்லிவிட்டால் தலைவரை எதிர்ப்பவர் நாட்டை எதிர்ப்பவராகிவிடுகிறார். பிளவு அந்த இடத்தில்தான் சட்டமாக மாறியது. அடுத்த இருபத்தொரு மாதங்களில், விசாரணையின்றி அடைத்துவைக்க வழிசெய்த மிசா சட்டத்தின் கீழ் 34,988 பேரும், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 75,818 பேரும் அடைக்கப்பட்டதாக, நெருக்கடி நிலையின் அத்துமீறல்களைப் பின்னர் விசாரித்த ஷா ஆணையம் கணக்கிட்டது. பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டன. 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. அவற்றில் பல வற்புறுத்தலின் பேரில் நடந்தவை. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகள் தாக்கப்பட்டதைப் பிற்பாடு நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரிக்க வேண்டியிருந்தது.

நிலைத்தன்மை திரும்பிய வேகம் இன்றும் வியப்பைத் தருகிறது. 1977 மார்ச்சில் தேர்தல் நடந்தது. பிரதமர் தம் சொந்தத் தொகுதியான ரேபரேலியிலேயே தோற்றார். மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை விலக்கப்பட்டது. 24ஆம் தேதி, எதிர்க்கட்சிகள் ஒன்றிணைந்து உருவான ஜனதா கட்சியின் மொரார்ஜி தேசாய் பிரதமராகப் பதவியேற்றார். படை தெருவுக்கு வரவில்லை, தோற்றவர் நாற்காலியைப் பற்றிக்கொள்ளவில்லை. இதை ‘இந்திய மக்களின் தீர்ப்பு’ என்று ஒருமையில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. அதை நான் ஏற்பதில்லை. உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும் பீகாரின் 54 தொகுதிகளிலும் காங்கிரஸ் ஒன்றைக்கூட வெல்லவில்லை. அதே தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 34ஐ அ.தி.மு.க.–காங்கிரஸ் அணி வென்றது. ஆந்திரத்தில் 42இல் 41 காங்கிரசுக்குப் போயின. கருத்தடை முகாம்களும் வீடு இடிப்பும் வடக்கின் சிற்றூர்களையும் டெல்லியின் துருக்மான் வாயிலையும் தொட்ட அளவுக்குத் தெற்கைத் தொடவில்லை என்பது ஒரு காரணம். எனவே ‘மக்கள் நம்பிக்கை இழந்தார்கள்’ என்று யாராவது சொல்லும்போது எந்த மக்கள் என்று கேட்க வேண்டும். இழந்தவர்கள் ஒரே பகுதியினராக இல்லாதபோது மீட்பும் ஒரே அளவாக இருக்காது.

இனி, கைவிடப்பட்டது எது என்று பார்ப்போம். அரசமைப்புச் சட்டத்தின் 44ஆவது திருத்தம்தான் ஜனதா ஆட்சி விட்டுச்சென்ற ஒரே நிலையான சொத்து என்பேன். அதன் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் 1975இன் ஒரு குறிப்பிட்ட காயம் இருக்கிறது. அமைச்சரவை கூடாமல் பிரகடனம் வந்தது. எனவே அமைச்சரவையின் முடிவு எழுத்து வடிவில் வந்தால்தான் குடியரசுத் தலைவர் கையெழுத்திட முடியும் என்றாயிற்று. ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்பது எதற்கும் நீளக்கூடிய சொல்லாக இருந்தது. அந்த இடத்தில் ‘ஆயுதமேந்திய கிளர்ச்சி’ வந்தது. நாடாளுமன்ற ஒப்புதலுக்கான கெடு இரண்டு மாதத்திலிருந்து ஒரு மாதமாகக் குறைந்தது. மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பித்தலும் கட்டாயமாயின. மக்களவை உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் எழுதிக் கேட்டாலே பிரகடனத்தை மறுதலிப்பதற்கான சிறப்பு அமர்வைக் கூட்டியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உயிருக்கும் உடல் விடுதலைக்குமான 21ஆவது கூறின் உரிமையை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது என்று எழுதப்பட்டது.

இத்திருத்தம் நிறைவேறிய விதமே அதைக் காத்தது. மாநிலங்களவையில் ஜனதாவுக்குத் தேவையான எண்ணிக்கை இல்லை. காங்கிரஸ் உறுப்பினர்கள் சம்மதித்தால்தான் எதுவும் நடக்கும். அவர்கள் 1978 ஆகஸ்டில் மசோதாவின் ஐந்து உட்பிரிவுகளை வெட்டினார்கள், எஞ்சியதை ஏற்றார்கள். ஜனதாக்காரர்களுக்கு இது கசப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் 1980இல் 353 இடங்களுடன் இந்திரா காந்தி திரும்பி வந்தபோதும், 1984இல் ராஜீவ் காந்தி நானூறைத் தாண்டியபோதும் இந்தக் கட்டுப்பாடுகள் உடைக்கப்படவில்லை. தாமே கைதூக்கி நிறைவேற்றிய ஒன்றை எதிரியின் சதி என்று சொல்ல அவர்களுக்கு வாய்ப்பில்லாமல் போனது. ஒரே ஒரு முறை, 1988இல், பஞ்சாபுக்கு மட்டும் என்று 59ஆவது திருத்தத்தின் மூலம் ‘உள்நாட்டுக் குழப்பம்’ திரும்ப நுழைந்தது; அந்த அதிகாரத்தின் கீழ் நெருக்கடி நிலை அறிவிக்கப்படாமலேயே, வி.பி. சிங் காலத்தில் 63ஆவது திருத்தம் அதை நீக்கியது.

இதற்கு நேர்மாறாக அமைந்தது தண்டனை தேடிய முயற்சி. 1977 மே மாதத்தில், ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் அமைந்த ஆணையம் கடுமையாக உழைத்து மூன்று அறிக்கைகளைத் தந்தது. இந்திரா காந்தி அதன் முன் உறுதிமொழி எடுத்துச் சாட்சியம் அளிக்க மறுத்தார். 1977 அக்டோபரில் அவரைக் கைது செய்தார்கள். போதிய ஆதாரம் இல்லையென்று மறுநாளே நீதிமன்றம் விடுவித்தது. 1978 டிசம்பரில், சிக்மகளூரில் வென்று வந்தவரை உரிமை மீறலுக்காக அவையிலிருந்து நீக்கிச் சிறைக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவராக மாறி வெளியே வந்தார். குற்ற விசாரணையே கூடாது என்பது என் வாதமன்று. ஆதாரத்தைத் திரட்டி, வழக்கு தொடுத்து, நீதிமன்றத்தின் வேகத்துக்குக் காத்திருக்கும் பொறுமை அவர்களுக்கு இல்லை. ஒரு பக்கம் அந்த அவசரம், மறுபக்கம் மொரார்ஜி, சரண் சிங், ஜெகஜீவன் ராம் என்று மூன்று திசையில் இழுத்த கட்சி. 1979இன் வறட்சியும் விலைவாசியும் சேர்ந்துகொள்ள, 1980 தேர்தலில் வெங்காய விலையைப் பற்றிப் பேசிய அளவுக்கு ஷா ஆணையத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. தமிழ்நாட்டில், மிசாவில் அடிபட்ட தி.மு.க.வே ‘நேருவின் மகளே வருக, நிலையான ஆட்சி தருக’ என்று வரவேற்றது. அந்த முழக்கத்தில் ‘நிலையான’ என்ற சொல் இருந்ததைக் கவனிக்க வேண்டும்; நிலைத்தன்மையின் பெயரால் நம்பிக்கையைப் பற்றிய கேள்வி ஒத்திவைக்கப்பட்டது. ஷா ஆணைய அறிக்கையின் படிகள் கண்ணில் படாமலே போயின. தம்மிடம் இருந்த படியைக் கொண்டு 2010இல் அதை மறுபடி அச்சேற்றியவர் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் இரா. செழியன்; அது வரையில் ஆணையத்தின் பெயரைச் சொன்னவர்கள் இருந்தார்கள், அறிக்கையைப் படித்தவர்கள் மிகச் சிலரே.

கைவிடப்படாதவற்றுள் முதலாவது 356ஆவது கூறு, அதாவது மாநில அரசைக் கலைக்கும் அதிகாரம். நெருக்கடி நிலையை எதிர்த்து வந்த ஜனதா அரசு, பதவியேற்ற ஒரு மாதம் முடிந்ததும், காங்கிரஸ் ஆண்ட ஒன்பது மாநில அரசுகளைக் கலைத்தது. மக்களவைத் தேர்தலில் தோற்றதால் அவற்றுக்கு மக்கள் ஆதரவு இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். 1980 பிப்ரவரியில் இந்திரா காந்தி அதே காரணத்தைச் சொல்லி ஒன்பது அரசுகளைக் கலைத்தார், எண்ணிக்கைகூட மாறவில்லை. அவற்றில் எம்.ஜி.ஆர். அரசும் ஒன்று. அதன் பின் 1991 ஜனவரியில் தி.மு.க. அரசு மறுபடி கலைக்கப்பட்டது. ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தர மறுத்த பிறகும் அது நடந்தது. அந்த உத்தரவுக்குப் பொறுப்பான பிரதமர் சந்திரசேகர், நெருக்கடி நிலையில் சிறையிருந்தவர், பிற்பாடு ஜனதா கட்சியின் தலைவராக இருந்தவர். சிறைக்குப் போன அனுபவம் ஒருவரை அதிகாரத்திலிருந்து காப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்த பிறகே இந்தக் கத்தியின் கூர் மழுங்கியது. அத்தீர்ப்புக்கும் 44ஆவது திருத்தத்துக்கும் தொடர்பு உண்டு: குடியரசுத் தலைவரின் மனநிறைவே இறுதியானது, நீதிமன்றம் கேட்க முடியாது என்று நெருக்கடிக் காலத்தில் சேர்த்த வரியை அத்திருத்தம் எடுத்துவிட்டிருந்ததால்தான் நீதிபதிகளால் கேட்க முடிந்தது.

இரண்டாவது தடுப்புக் காவல். ஜனதா அரசு 1978இல் மிசாவை நீக்கியது. பாராட்ட வேண்டிய செயல். ஆனால் தடுப்புக் காவலை அனுமதிக்கும் அரசமைப்புக் கூறை விட்டுவைத்தது. விசாரணையின்றி அடைத்துவைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைக்கவும், அதை ஆராயும் ஆலோசனைக் குழுவை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்கவும் 44ஆவது திருத்தத்தின் 3ஆவது பிரிவு வழிசெய்தது. அப்பிரிவு என்றைக்கு நடைமுறைக்கு வரும் என்பதை மத்திய அரசு அறிவிக்கையால் தீர்மானிக்க வேண்டும். ஜனதா அரசு அதை அறிவிக்காமலே கவிழ்ந்தது. 1980 இறுதியில் தடுப்புக் காவலுக்கான தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்பிரிவை நடைமுறைப்படுத்துமாறு அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1981இல் கூறிவிட்டது. நெருக்கடி நிலையில் சிறையிருந்த வாஜ்பாயும் அத்வானியும் பிரதமரும் உள்துறை அமைச்சருமாக ஆறாண்டுகள் இருந்தபோதும் அந்த அறிவிக்கை வரவில்லை. எந்தக் கட்சிக்கும் அவசரமில்லை. இதன் விளைவு தமிழ்நாட்டு வாசகருக்கு அன்றாடச் செய்தி: 1982இல் வந்த குண்டர் சட்டத்தின் கீழ் ஓராண்டு வரை ஒருவரை விசாரணையின்றி அடைக்கலாம், இரு கழக ஆட்சிகளும் அதைத் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கின்றன, நாளிதழின் உள்பக்கத்தில் மூன்று வரியில் வரும் அச்செய்தியை நாம் நின்று படிப்பதுகூட இல்லை.

நீதிமன்றத்தின் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. ஏனென்றால் நம்பிக்கை திரும்ப எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு அங்கே ஓர் எண் கிடைக்கிறது. 1976 ஏப்ரல் 28 அன்று ஜபல்பூர் வழக்கில், நெருக்கடி நிலையில் அடைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. முடியும் என்று அதற்கு முன் ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. மாறுபட்டு எழுதிய எச்.ஆர். கன்னா 1977 ஜனவரியில் தலைமை நீதிபதி பதவிக்கு வரவேண்டிய முறையில் ஒதுக்கப்பட்டு, பதவி விலகினார். பின்னாளில் அந்த நீதிமன்றம் தன் பெயரை மீட்க நெடுநாள் பாடுபட்டது: 1978இல் மேனகா காந்தி வழக்கு, விசாரணைக் கைதிகளை விடுவித்த ஹுசைனாரா காத்தூன் வழக்கு, பொதுநல வழக்கு என்ற வழியைத் திறந்துவிட்டது, எல்லாவற்றையும் இந்தக் கண்ணோட்டத்தில் படிக்கலாம். ஆயினும் ஜபல்பூர் தீர்ப்பு ஏட்டில் அப்படியே நின்றது. அதைத் தவறு என்று வெளிப்படையாக அறிவித்து நீக்கியது 2017இல், தனியுரிமை பற்றிய புட்டசாமி வழக்கின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு; அந்த வரிகளை எழுதிய டி.ஒய். சந்திரசூட், 1976இல் பெரும்பான்மையோடு நின்ற ஒய்.வி. சந்திரசூட்டின் மகன். ஒரு தவறைத் தவறு என்று எழுத நாற்பத்தொரு ஆண்டுகள் ஆயின.

எதிரிகளும் கையெழுத்திட்ட திருத்தம் நிலைக்கும் என்று நான் மேலே சொன்னதை இலங்கையைக் காட்டி ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பு சரியானதே. அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச 2010இல் 18ஆவது திருத்தத்தின் மூலம் ஜனாதிபதிக்கான இரண்டு தவணை வரம்பை நீக்கினார். 2013இல் பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க பதவி நீக்கப்பட்டார். 2015 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதித் தேர்தலில் வென்றதும், ஜனாதிபதியின் அதிகாரங்களைக் குறைத்த 19ஆவது திருத்தம் வந்தது. 225 உறுப்பினர்களில் 200க்கும் மேற்பட்டோர், ராஜபக்ச அணியினர் உட்பட, அதை ஆதரித்தனர். 2018 அக்டோபரில் சிறிசேனவே பிரதமரை நீக்கி, நவம்பரில் நாடாளுமன்றத்தையும் கலைத்தபோது, நாலரை ஆண்டு முடியாமல் கலைக்க முடியாது என்ற அதே திருத்தத்தின் விதியைக் கொண்டு உயர் நீதிமன்றத்தின் (இலங்கையின் உச்ச நீதிமன்றம்) ஏழு நீதியரசர்கள் ஒருமனதாக அதைச் செல்லாதென்றனர். தன்னைக் கொண்டுவந்தவரையே கட்டிய சட்டம் அது. அப்படியிருந்தும் 2020 அக்டோபரில், மகிந்தவின் தம்பி கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியாக இருந்த காலத்தில், 156 வாக்குகளால் 20ஆவது திருத்தம் அதை அழித்தது; 2022 மக்கள் எழுச்சியில் அவர் நாட்டைவிட்டு ஓடிய பின் 21ஆவது திருத்தம் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுவந்தது. மூன்றுக்கும் கைதூக்கிய உறுப்பினர்கள் உண்டு.

இந்தியாவில் நின்றது அங்கே ஏன் நிற்கவில்லை என்பதற்கு என் விளக்கம் இது. 19ஆவது திருத்தம் கிளைகளை வெட்டியது; 1978இல் ஜே.ஆர். ஜெயவர்தன நட்ட நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறை என்ற அடிமரத்தை விட்டுவைத்தது. அதை ஒழிப்பதாக 1994இல் சந்திரிகா குமாரதுங்க வாக்களித்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் வாக்களித்தனர். வென்றதும் எல்லோருக்கும் அது பயன்பட்டது. இன்னொரு காரணம், 2015இல் வந்த அரசு தன் அரசியல் மூலதனத்தைத் தானே தின்றுவிட்டது. மத்திய வங்கிப் பிணைமுறி மோசடி, ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் இடையிலான பகை, அதன் நடுவே முன்கூட்டியே வந்த எச்சரிக்கைகளைப் பொருட்படுத்தாமல் விட்டதால் நிகழ்ந்த 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல். அதன் பிறகு ‘வலிமையான தலைவர்’ வேண்டும் என்ற குரலுக்குப் பதில் சொல்ல அவர்களிடம் எதுவும் மிஞ்சவில்லை. 1979இல் ஜனதாவுக்கு நடந்ததும் இதுவே. வேறுபாடு என்னவென்றால், திரும்பி வந்த இந்திரா காந்தி தோல்வியின் நினைவோடு வந்தார், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற உச்ச நீதிமன்றத்தின் கோட்பாடும் அவர் முன் நின்றது. கோட்டாபயவுக்கு முன் அப்படி எதுவும் நிற்கவில்லை.

நம்பிக்கை யாருடையது என்ற கேள்வி இலங்கையில் இன்னும் கூர்மையாகிறது. கொழும்பு 2022இல் எதிர்த்தது விலைவாசியையும் எரிபொருள் வரிசையையும் குடும்ப ஆட்சியையும். வடக்கும் கிழக்கும் போர் முடிந்த 2009 முதல் கேட்டுவருவது வேறு. 1979இல் தற்காலிகமானது என்று வந்து 1982இல் நிரந்தரமான பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாக 2015 அரசு உறுதியளித்தது, நீக்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோருக்கான அலுவலகத்தை 2016இல் சட்டமாக்கியது. ஆனால் படையினரிடம் கையளித்த தம் பிள்ளைகள் எங்கே என்ற தாய்மாரின் கேள்விக்கு அந்த அலுவலகத்தால் விடை தர முடியவில்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அவர்கள் தொடங்கிய போராட்டம் அந்த அரசையும், அதன் பின் வந்த கோட்டாபய, ரணில் விக்கிரமசிங்க ஆட்சிகளையும் தாண்டித் தொடர்ந்தது. 2024 நவம்பரில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி வென்றபோது, தெற்கின் கட்சி ஒன்றை வடக்கு ஏற்றுக்கொண்டதென்று பலர் எழுதினார்கள். வாக்கு ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். அந்த வாக்கைப் பெற்றவர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் நிறைவேற்று ஜனாதிபதி முறையையும் நீக்குவதாகத் தம் தேர்தல் அறிக்கையில் எழுதியிருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேலான பலம், 159 இடங்கள், அதே தேர்தலில் அவர்களுக்குக் கிடைத்தது.